நாற்பது ஆம்பியர்

"வேகம் கேட்காதீர்" என்று பெட்டியின் மூடியில்
சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருக்கிறேன்.
தேசிங்கு அதைப் படித்துக்கொண்டே கேட்பான்:
"அக்கா, கொஞ்சம் ஸ்பீடு கூட்டேன்."

ஸ்பீடு என் கையில் இல்லை, தம்பி.
இந்தக் குமிழ் திருப்புவது கரண்டை மட்டும்.
நாற்பது என்று வைத்தால்
நாற்பதுக்கான தம்மைத்தான் மோட்டார் பிடிக்கும்.
மீதியைப் படகு முடிவு செய்யும்,
உப்பனாற்றுச் சேறு முடிவு செய்யும்.

முதுநகர் யார்டில், சரிவின் பாதியில்,
அபூர்வத்தம்மாளின் விசைப்படகு.
வயிறெல்லாம் கொட்டலசு.
பின்பக்கம் சேற்றில், மூக்கு மட்டும் வெயிலில்.

முன்னே வெறும் ஸ்டார்ட்டர்தான் இருந்தது.
தட்டினால் ஒரே மடக்கில் ஏழு பங்கு கரண்டைக் குடித்துவிட்டு
வெடுக்கென்று இழுக்கும்.
அறுந்த கம்பிக்கயிறு
பாவாடையின் முழங்கையில்
இருபத்தொரு தையலாக இருக்கிறது.

அதற்குப் பிறகு இந்தப் பெட்டி.
உள்ளே விரல் நீளத்தில் ஓர் உலோகப் பட்டை, ஷன்ட்.
போகிற கரண்டு அதன் இரு முனைக்கும் நடுவில்
மில்லிவோல்ட்டில் முணுமுணுக்கும்.
சுற்றுக்குக் காது அங்கேயேதான்:
கூடுதா, தைரிஸ்டரைத் தாமதமாய்த் திற.
குறையுதா, முந்தித் திற.
நொடிக்கு முந்நூறு தடவை
அலுக்காமல் அதே கேள்வி.

இப்போது முள் நாற்பதில்.
டிரம் சுற்றவில்லை.
"ஓடலையே?" என்கிறான் தேசிங்கு.
கயிற்றைப் பார்.
முறுக்கிலிருந்து உப்புத்தண்ணீர் பிழிந்து
சொட்டுச் சொட்டாய்த் தெறிக்கிறது.
ஓடவில்லைதான். இழுக்கவில்லை என்று யார் சொன்னது?

பாரம் இருக்கும்வரை இந்தப் பெட்டி சாது.
பொருத்திய முதல் வாரம்
ஷாக்கிளின் ஆணி கழன்று விழுந்தது.
அதே நாற்பதைத் தள்ளப் பார்த்தது பெட்டி,
வாங்கிக்கொள்ள எதிரே யாருமில்லை.
டிரம் ஊளையிட்டது. பிரஷ்ஷில் நீலப் பொறி.
அறுபடாத கயிறு தரையெல்லாம் அடித்தது.
சிவப்புக் காளானை ஓங்கி அறைந்தபோது
என் கை எனக்குமுன் ஓடியிருந்தது.

தனவேலு போய் அப்போது ஐந்து வாரம்.
பதினான்கு மாதம் அவரைத் தூக்கி, புரட்டி,
துடைத்து, உட்காரவைத்த கைகள் இவை.
அந்த ஐந்து வாரத்தில்
பதினொரு மோட்டாருக்குக் காயில் கட்டினேன்.
கடை ஒயரிங்கைப் பிரித்து மறுபடி இழுத்தேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு
ஒவ்வொரு நட்டாய் மண்ணெண்ணெயில் கழுவினேன்.
"நல்லா தேறிட்டா" என்றது தெரு.

மறுநாள் தண்டின் முனையில் ஒரு டாக்கோ மாட்டினேன்.
கரண்டு வளையத்துக்கு வெளியே இன்னொரு வளையம்:
வேகம் எல்லை தாண்டினால்
நாற்பதாவது ஒன்றாவது, கரண்டை வெட்டிவிடும்.
எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது.
ஞாயிறுகளில் சில்வர் பீச்சுக்குப் போய்
சுண்டல் பொட்டலத்தோடு சும்மா உட்காருகிறேன்.
டியூனிங் இன்னும் சரியாகவில்லை.
சுண்டல் மூன்று நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது.

மோட்டார் உடம்பில் புறங்கையை வைக்கிறேன். சுடுகிறது.
லேசாய் வார்னிஷ் வாசனை.
நின்றபடி தாங்கினாலும் சூடு ஏறத்தான் செய்யும்.
பிரேக்கைப் போட்டு, குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்கி,
சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கச் சொல்கிறேன்.
டீ வருகிறது. யாரும் பேசவில்லை.

மூன்றரைக்கு ஏத்தம்.
சேற்றுக்கும் பலகைக்கும் நடுவில்
தண்ணீர் நாக்கை நுழைக்கிறது.
பிரேக்கை எடுத்து, மறுபடி நாற்பது.
டிரம்மில் ஒரு கிரீஸ் புள்ளியைக் குறிவைத்துப் பார்க்கிறேன்.
நகர்ந்ததா? நகர்ந்த மாதிரி.

"எப்போம்மா மேலே வரும்?" அபூர்வத்தம்மாள்
நாலாவது தடவை கேட்கிறார்.
எனக்குத் தெரியாதும்மா.
கரண்டு கொடுத்திருக்கேன்.